சம்பளம் தெரியாமலே 19 வருஷம்: அலபாமா டயர் ஃபேக்டரி சூப்பர்வைசரோட கேஸ்

எந்த கேஸ், ஏன் எடுத்தேன்

அமெரிக்காவுல பொண்ணுங்களுக்கு சம்பளம் கம்மின்னு எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீங்க. ஆனா சம வேலைக்கு சம சம்பளம்னு 1963-லயே சட்டம் போட்ட நாட்டுல அது எப்படி வருஷக்கணக்கா நடக்குதுன்னு கேட்டா பல பேருக்கு பதில் தெரியாது, எனக்கும் இந்த கேஸ படிக்கற வரைக்கும் தெரியாது. நான் பல வருஷம் பேரோல் வேலை பாத்தவ, யாருக்கு எவ்ளோன்னு ஷீட்ல பாத்துட்டு வாய மூடிட்டு இருக்கறதுதான் அந்த வேலை. அதனாலயே இந்த கேஸ் என்னை ரொம்ப நாள் தூங்க விடல.

அந்தம்மா பேரும் கம்பெனி பேரும் இங்க எழுதல, நடந்தத பாக்கறதுக்கு அது தேவைப்படல. கோர்ட்டுல நிரூபணமானது, தீர்ப்புல பதிவானது, அவங்களே வெளிப்படையா சொன்னது, இத மட்டும் வெச்சுதான் எழுதறேன்.

பின்னணி

அலபாமா மாநிலத்துல காட்ஸ்டன்னு ஒரு ஊரு, அங்க ஒரு பெரிய டயர் ஃபேக்டரி. 1979-ல 40 வயசுல, ரெண்டு பிள்ளைங்களுக்கு அம்மாவா அங்க சூப்பர்வைசரா வேலைக்கு சேந்தாங்க இந்தம்மா. பதவி பேரு ஏரியா மேனேஜர், அந்த லெவல்ல இருந்தது பெரும்பாலும் ஆம்பளைங்கதான்.

சேரும்போது சம்பளம் ஆம்பளைங்களுக்கு சமமாத்தான் இருந்துச்சு, இது முக்கியம். முதல் நாள்லயே குறைச்சு குடுத்திருந்தா ஒருவேளை சீக்கிரம் தெரிஞ்சிருக்கும். பிரச்சனை வந்தது வருஷா வருஷம் அப்ரைசல் பாத்து போடற இன்க்ரிமென்ட்ல. ஒரு வருஷம் ஒரு பர்சென்ட் கம்மி, அடுத்த வருஷம் இன்க்ரிமென்ட்டே இல்ல, அதுக்கடுத்த வருஷம் வர்ற பர்சென்ட்டும் குறைஞ்சுபோன சம்பளத்து மேலதான் கணக்கு, இப்படி வட்டிக்கு வட்டி மாதிரி இடைவெளி ஏறிட்டே போச்சு. அந்த கம்பெனில சம்பளம் ரகசியம், பக்கத்து ஆளுக்கு எவ்ளோன்னு தெரிஞ்சுக்க வழி ரொம்ப கம்மி.

அப்ப சட்டம் எப்படி இருந்துச்சுன்னும் சொல்லணும். 1963 ஜூன்ல கென்னடி கையெழுத்து போட்ட சம சம்பள சட்டம் ஒண்ணு, ஆனா மேனேஜர், நிர்வாக வேலை பாக்கறவங்கள அதுல சேக்கவே இல்ல, 1972-லதான் சேத்தாங்க. ரெண்டாவது 1964 சிவில் உரிமை சட்டத்தோட ஏழாவது பிரிவு, வேலைல இனம், நிறம், மதம் பாத்து பாகுபாடு காட்டக்கூடாதுங்கற மசோதாவுல "பாலினம்"ங்கற சொல்ல கீழ்சபை விவாதத்துல கடைசி நேரத்துல சேக்கச் சொன்னவர் வர்ஜீனியாவோட ஹோவர்ட் ஸ்மித், அவரே சிவில் உரிமை சட்டத்தையே எதிர்த்தவர். அவர் மனசுல என்ன இருந்துச்சுங்கறதுல ரெண்டு கருத்து இருக்கு, ஆனா அந்த ஒத்த சொல்ல விட்டுடாம பிடிச்சு நிறைவேத்த வெச்சது அந்த சபைல இருந்த கொஞ்ச பெண் உறுப்பினர்கள்தான்.

இந்த ஏழாவது பிரிவுல புகார் குடுக்க காலக்கெடு உண்டு. பாகுபாடு நடந்த நாள்லேர்ந்து 180 நாளுக்குள்ள, ஈஈஓசின்னு சொல்ற சம வேலைவாய்ப்பு கமிஷன்கிட்ட போகணும். மாநில அரசுக்குன்னு தனியா ஒரு பாகுபாடு தடுப்பு அமைப்பு இருந்தா 300 நாள். அலபாமாவுல அப்படி அமைப்பு இல்ல, அதனால 180தான். அதாவது எந்த மாநிலத்துல வேலை பாக்கறோம்ங்கறத பொறுத்து ஒரு பொண்ணுக்கு நாலு மாசம் கூடும் குறையும்.

தெரிய வந்தது

1998-ல ஒரு நாள் ஷிப்ட்டுக்கு போனப்ப அவங்க மெயில்பாக்ஸ்ல ஒரு துண்டுச்சீட்டு. அவங்க சம்பளமும் அதே வேலை பாக்கற மூணு ஆம்பளைங்க சம்பளமும் அதுல இருந்துச்சு. வெச்சது யாருன்னு கடைசி வரைக்கும் தெரியல.

பின்னாடி கோர்ட்டுல வந்த கணக்கு இது: 1997 கடைசில ஏரியா மேனேஜரா இருந்த ஒரே பொண்ணு அவங்கதான், கூட இருந்த ஆம்பளைங்க 15 பேர். அவங்களுக்கு மாசம் 3,727 டாலர். ஆம்பளைங்கள்ல ரொம்ப கம்மியா வாங்குனவருக்கு 4,286, அதிகமா வாங்குனவருக்கு 5,236. கடைசி ஆம்பளைய விடவும் மாசம் 559 டாலர் கம்மி, மேல இருந்தவரோட பாத்தா 1,509 டாலர் கம்மி, வருஷத்துக்கு 18,000 டாலருக்கு மேல. அந்த 15 பேர்ல அவங்கள விட சர்வீஸ் கம்மியானவங்களும் உண்டு.

ஓவர்டைம் சம்பளத்து மேல கணக்காகும், பென்ஷன் சம்பளத்து மேல கணக்காகும், ரிட்டயர்மென்ட் சேமிப்பு, சோஷியல் செக்யூரிட்டிங்கற அரசு ஓய்வூதியம் எல்லாமே அப்படித்தான். அந்த சீட்டுல இருந்தது நாலு நம்பர்தான், ஆனா அவங்களுக்கு தெரிஞ்சது மிச்ச ஆயுசுக்கான கணக்கும் சேத்து.

அவங்க வேலை மோசம்னுதான் கம்பெனி வாதாடுச்சு. ஆனா 1996-ல அதே கம்பெனி அவங்களுக்கு சிறந்த வேலைக்கான விருது குடுத்திருக்கு. ஒரு வருஷம் அவங்க சம்பளம் அந்த பதவிக்கு கம்பெனியே வெச்சிருந்த குறைஞ்சபட்ச அளவுக்கும் கீழ போச்சுன்னு பழைய மேலதிகாரி ஒருத்தர் கோர்ட்டுல ஒத்துக்கிட்டார். பிளான்ட் மேனேஜர் ஒருத்தர் இந்த பிளான்ட்டுக்கு பொம்பளைங்க தேவையில்ல, அவங்களால பிரச்சனைதான்னு சொன்னதும் சாட்சியத்துல வந்துச்சு. இதுக்கெல்லாம் முன்னாடியே தன்னோட ஆசைக்கு இணங்கலன்னு ஒரு சூப்பர்வைசர் அப்ரைசல்ல கை வெச்சார்னும் அவங்க சொன்னாங்க. அந்த ஆள் விசாரணைக்கு முன்னாடியே இறந்துட்டார், இது பின்னாடி வேற விதமா திரும்பும்.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, புகார் குடுக்கறது. 1998 மார்ச்ல ஈஈஓசில படிவம் நிரப்பினாங்க, ஜூலைல முறைப்படி புகார். கொஞ்ச நாள்ல ரிட்டயர் ஆகப்போற அறுபது வயசு மனுஷி, அந்த ஊர்ல பெரிய வேலை குடுக்கற கம்பெனி மேல, இது சின்ன விஷயமில்ல. அதே வருஷம் நவம்பர்ல ரிட்டயர் ஆனாங்க, அடுத்த வருஷம் ஃபெடரல் கோர்ட்டுல வழக்கு.

ரெண்டாவது முடிவுலதான் நாம கத்துக்க வேண்டியது நிறைய இருக்கு. வழக்கு ரெண்டு சட்டத்து மேலயும் போச்சு, 1963 சம சம்பள சட்டமும் இருந்துச்சு, ஏழாவது பிரிவும் இருந்துச்சு. சம சம்பள சட்டத்துல கமிஷன்கிட்ட போகணும்ங்கற நிபந்தனை இல்ல, 180 நாள் கெடு இல்ல, வேணும்னே பண்ணாங்கன்னு நிரூபிக்கவும் வேண்டாம். ஆனா சம்பள வித்தியாசத்துக்கு காரணம் அப்ரைசல்தான்னு கம்பெனி சொன்னத கீழ்க்கோர்ட் ஏத்துக்கிட்டு விசாரணைக்கு முன்னாடியே அந்த பகுதிய தள்ளிடுச்சு, அதுக்கு மேல அவங்க பக்கம் அப்பீல் போகல. கையில ஏழாவது பிரிவு இருக்கு, நஷ்டஈடும் அதுலதான் கிடைக்கும், ஜூரி முன்னாடி நல்லா நிக்கும்னு அப்ப தோணியிருந்தா அதுல தப்பு சொல்ல முடியாது. விளைவு வேற மாதிரி ஆச்சு.

2003-ல ஜூரி அவங்க பக்கம் தீர்ப்பு சொன்னாங்க. பழைய சம்பள பாக்கி 2,23,776 டாலர், மன உளைச்சலுக்கு 4,662, கம்பெனிக்கு தண்டனையா 32,85,979. சாதாரண ஜனங்க உக்காந்து கேட்டுட்டு குடுத்த மதிப்பு இது. ஆனா சட்டம் அத அப்படியே விடாது. 1991-ல நாடாளுமன்றம் பாலின பாகுபாட்டுல நஷ்டஈடும் தண்டனைத் தொகையும் சேத்து எவ்ளோ பெரிய கம்பெனியா இருந்தாலும் 3,00,000 டாலருக்கு மேல போகக்கூடாதுன்னு வரம்பு போட்டுச்சு, பாக்கி சம்பளமும் புகாருக்கு முந்தின ரெண்டு வருஷத்துக்குத்தான். இன பாகுபாட்டுக்கு 1866 காலத்து சட்டம் தனியா இருக்கறதால அதுல இந்த வரம்பு இல்ல, பாலினத்துக்கு உண்டு. அதனால 35 லட்சம் டாலருக்கு மேல இருந்தது 3,60,000 ஆச்சு, அதுல 60,000தான் சம்பள பாக்கி.

இதுல எனக்கு கோவம் வருது, மறைக்க மாட்டேன். அந்த வரம்பு அரசியல் பேரத்துல வந்தது. கோட்டா சட்டம்னு சொல்லி 1990-ல ஜனாதிபதி அப்பா புஷ் வீட்டோ பண்ணுன, அதாவது கையெழுத்து போடாம தடுத்த மசோதாவ மறுபடி பேசி, வரம்பு போட்டு, 1991-ல நிறைவேத்தினாங்க. ஒரு பொண்ணோட வலிக்கு உச்சவிலை எவ்ளோன்னு அந்த பேரத்துல நிர்ணயம் ஆச்சு.

அடுத்து நடந்தது

கம்பெனி அப்பீல் போச்சு. 2005-ல அப்பீல் கோர்ட் ஜூரி தீர்ப்ப ரத்து பண்ணுச்சு. அவங்க சுப்ரீம் கோர்ட் போனாங்க, 2007 மே 29 அன்னிக்கு 5-க்கு 4-ன்னு தோத்தாங்க.

சாமுவேல் அலிட்டோ எழுதின பெரும்பான்மை தீர்ப்போட சாரம் இதுதான்: பாகுபாடு நடந்தது சம்பளத்த முடிவு பண்ணுன அன்னிக்கு, அதுலேர்ந்து 180 நாள். அதுக்கப்புறம் மாசாமாசம் வந்த ஒவ்வொரு குறைஞ்ச சம்பள செக்கும் பழைய முடிவோட விளைவுதானே தவிர புதுக் குற்றமில்ல. காலக்கெடு ஏன் வேணும்ங்கறதுக்கு காரணமும் சொன்னாங்க, வருஷம் போகப் போக சாட்சி போயிடும், குற்றம் சாட்டப்பட்ட சூப்பர்வைசரே இறந்துட்டார், அவர் பக்கத்த யார் சொல்றதுன்னு. இந்த வாதத்த நான் லேசா தள்ளிவிடல, செத்துப்போன ஆள் பேச முடியாதுங்கறது நிஜம். ஆனா சம்பள ரிஜிஸ்டர் சாகாது, 3,727-ம் 4,286-ம் கம்பெனி பீரோவுலதான் இருந்துச்சு, அத பாக்க முடியாத ஒரே ஆள் அந்தம்மா.

சம சம்பள சட்டத்துல தொடர்ந்திருந்தா இந்த தடை வந்திருக்காதுன்னும் அதே தீர்ப்பு சொல்லுது. மேல ரெண்டாவது முடிவுன்னு நான் எழுதினது இதுக்குத்தான்.

இதுல அரசியல் எங்க வருதுன்னா, ஒவ்வொரு குறைஞ்ச செக்கும் புதுசா ஒரு மீறல்னு ஈஈஓசியே வருஷக்கணக்கா சொல்லிட்டு வந்திருக்கு, ஆனா சுப்ரீம் கோர்ட்டுல மகன் புஷ் அரசாங்கத்தோட வக்கீல் கம்பெனி பக்கம் நின்னு மனு போட்டார். அரசோட கமிஷன் ஒரு பக்கம், அரசோட வக்கீல் எதிர்ப்பக்கம். கோர்ட்டும் மாறியிருந்துச்சு, முதல் பெண் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர் 2006 ஜனவரில விலகின இடத்துக்கு வந்தவர்தான் அலிட்டோ. அதுக்கப்புறம் ஒன்பது பேர்ல ஒரே பொண்ணு ரூத் பேடர் கின்ஸ்பெர்க்.

கின்ஸ்பெர்க் பெரும்பான்மைக்கு எதிரா மறுப்புத் தீர்ப்பு எழுதினதோட நிக்காம கோர்ட்டுல உக்காந்து சத்தமா படிச்சாங்க, அது வழக்கமா நடக்கறதில்ல. அவங்க சொன்னத நம்ம பாஷைல சொன்னா, சம்பள பாகுபாடு கொஞ்சம் கொஞ்சமா வரும், வேலைய விட்டு தூக்குன மாதிரி அன்னிக்கே தெரியாது, மத்தவங்க சம்பளம் ரகசியமா இருக்கும், முதல் வருஷம் சின்ன வித்தியாசத்துக்கு சண்டை போட்டா ஆம்பளைங்க நடுவுல வேலை பாக்கற ஒரு பொண்ணு எப்படி தாக்குப் பிடிப்பா, இந்த சட்டம் அந்த நிஜத்த பாக்கணும். நாடாளுமன்றம் இத திருத்தணும்னும் நேரடியா சொல்லிட்டாங்க. 1963-ல ரட்கர்ஸ் சட்டக் கல்லூரில சேந்தப்ப உங்க புருஷனுக்கு நல்ல வேலை இருக்கேன்னு சொல்லி சம்பளத்த கம்மியா குடுத்தது அவங்களுக்கே நடந்திருக்கு. அந்த மறுப்புத் தீர்ப்ப படிக்கும்போது அது தெரியும்.

சட்டம் மாறினது

2007 ஜூலை கடைசில கீழ்சபை 225-க்கு 199-ன்னு திருத்த மசோதாவ நிறைவேத்துச்சு. வெள்ளை மாளிகை வீட்டோ பண்ணுவோம்னு முன்னாடியே சொல்லியாச்சு. 2008 ஏப்ரல்ல செனட்ல 56 பேர் ஆதரவு, 42 பேர் எதிர்ப்பு, பாதிக்கு மேல இருந்தும் விவாதத்த முடிச்சு ஓட்டுக்கு விட 60 வேணும்ங்கற நடைமுறையால அங்கயே நின்னுடுச்சு. ஜனாதிபதி வேட்பாளரா இருந்த ஜான் மெக்கெய்ன் இது வழக்குங்கள பெருக்கும்னு எதிர்த்தார், பொண்ணுங்களுக்கு வேண்டியது படிப்பும் பயிற்சியும்தான்னார். 19 வருஷ அனுபவமும் விருதும் இருந்த ஒரு ஆளோட கேஸ முன்னாடி வெச்சுட்டு.

அந்தம்மா ஊர் ஊரா போய் பேசினாங்க, நாடாளுமன்ற கமிட்டி முன்னாடி சாட்சி சொன்னாங்க, 2008 ஆகஸ்ட்ல டென்வர்ல ஜனநாயகக் கட்சி மாநாட்டு மேடையில ஏறினாங்க. தனக்கு இதுல ஒரு பைசா வராதுன்னு தெரிஞ்சே பேசினாங்க. அந்த டிசம்பர்ல அவங்க வீட்டுக்காரர் இறந்துட்டார்.

தேர்தல் முடிஞ்சு எண்ணிக்கை மாறுச்சு. 2009 ஜனவரில செனட் 61-36, கீழ்சபை 250-177. ஜனவரி 29 அன்னிக்கு ஒபாமா ஜனாதிபதியா கையெழுத்து போட்ட முதல் சட்டம் இதுதான், அந்தம்மா பேர்லயே. இனி ஒவ்வொரு குறைஞ்ச செக்கும் 180 நாள் கடிகாரத்த புதுசா ஓட்டும். தீர்ப்பு வந்ததுக்கு முந்தின நாள்லேர்ந்து செல்லும்னு பின்தேதியும் போட்டாங்க, ஆனா அவங்க வழக்கு முடிஞ்சு போனதால அவங்களுக்கு செல்லாது. அதே சட்டம், அதே கோர்ட், ரெண்டு வருஷத்துக்குள்ள எல்லாருக்கும் விடை மாறுச்சு, அந்த சட்டத்துக்கு பேர் குடுத்தவங்களுக்கு மட்டும் மாறல.

கம்பெனிட்டேர்ந்து அவங்களுக்கு எதுவும் கிடைக்கல. 2024 அக்டோபர்ல 86 வயசுல காலமானாங்க, அதுவரைக்கும் வந்த பென்ஷன் அந்த குறைஞ்ச சம்பளத்த வெச்சு போட்ட பென்ஷன்.

எது மாறணும், எது மாறிச்சு

வழக்கு நடத்தற பக்கத்துலேர்ந்து பாத்தா, சம சம்பள சட்டமும் ஏழாவது பிரிவும் ரெண்டு தனி வழின்னு வெச்சுக்கணும், ஒண்ணு கீழ்க்கோர்ட்டுல விழுந்தா அங்கயே விட்டுடக்கூடாது. கெடு நீளமா இருக்கறது எந்த வழியில, பணம் அதிகம் கிடைக்கறது எந்த வழியில, ரெண்டும் ஒண்ணா இருக்காது. 2009 சட்டத்துக்கு அப்புறமும் பாக்கி சம்பளம் ரெண்டு வருஷத்துக்குத்தான், அதனால காத்திருக்கற ஒவ்வொரு மாசமும் பின்னாடிலேர்ந்து ஒரு மாசம் கரையுது.

மாநிலங்கள் வேகமா போயிருக்கு. கொலராடோவுல 2021 ஜனவரிலேர்ந்து வேலை விளம்பரத்துலயே சம்பள வரம்பு போடணும், இன்னும் சில மாநிலங்களும் அதே வழிக்கு வந்துடுச்சு. அலபாமா தனக்குன்னு ஒரு சம சம்பள சட்டம் போட்டது 2019-லதான், கடைசி மாநிலமா மிசிசிப்பி 2022-ல. 1991-ல வெச்ச 3,00,000 டாலர் வரம்பு இன்னிக்கும் அதே 3,00,000, விலைவாசிக்கு ஏத்த மாதிரி ஒரு தடவ கூட ஏத்தல. சம்பளம் பேசினா பழிவாங்கக்கூடாது, வித்தியாசத்துக்கு காரணம் கம்பெனிதான் காட்டணும்னு சொல்ற மசோதா 2008, 2009, 2019, 2021-ன்னு நாலு தடவ கீழ்சபைய தாண்டியும் செனட்ல சட்டமாகல.

எனக்கு இதுல பெருசா படறது சூப்பர்வைசர் விஷயம். அமெரிக்காவுல சாதாரண தொழிலாளிங்க தங்களுக்குள்ள சம்பளம் பேசலாம், 1935 தொழிலாளர் சட்டமே அந்த பாதுகாப்ப குடுக்குது, ஆனா 1947-ல நாடாளுமன்றம் சூப்பர்வைசர்கள அதுலேர்ந்து வெளிய எடுத்துடுச்சு. யூனியன் பலத்த குறைக்கப் போட்ட திருத்தம் அது, பொண்ணுங்கள மனசுல வெச்சு போட்டதில்ல, ஆனா முப்பது வருஷம் கழிச்சு சூப்பர்வைசரா சேந்த ஒரு பொண்ணோட வாய அதுதான் கட்டுச்சு, வாய் கட்டியிருந்ததாலதான் கெடு தாண்டுச்சு. 2014 ஏப்ரல்ல ஒபாமா அந்தம்மாவ பக்கத்துல நிக்க வெச்சு, அரசு கான்ட்ராக்ட் எடுக்கற கம்பெனிங்க சம்பளம் பேசினவங்கள பழிவாங்கக்கூடாதுன்னு ஒரு உத்தரவு போட்டார். கான்ட்ராக்ட் கம்பெனிங்க வேலைல பாகுபாடு காட்டக்கூடாதுன்னு 1965-ல ஜனாதிபதி ஜான்சன் போட்ட பெரிய உத்தரவுக்குள்ள அது உக்காந்திருந்துச்சு. 2025 ஜனவரில ட்ரம்ப் பதவி ஏத்த அடுத்த நாள் அந்த 1965 உத்தரவையே ரத்து பண்ணார், அதோட சேந்து இதுவும் போச்சு. சம்பளத்த பத்தி பேசற உரிமைய சூப்பர்வைசருக்கு நேரடியா குடுக்கற ஃபெடரல் சட்டம் இன்னும் வரல. இன்னிக்கு காட்ஸ்டன் மாதிரி ஒரு ஊர்ல அந்த பதவில ஒரு பொண்ணு இருந்தா, பக்கத்து ஆளுக்கு எவ்ளோன்னு தெரிய அவளுக்கும் யாராவது ஒரு துண்டுச்சீட்டு வெக்கணும்.